இடது ஆள்காட்டி விரல்

கொண்டித்தோப்பு மாநகராட்சிப் பள்ளி,
மூன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த
பெருக்கல் கணக்கு ஒன்று
மாலைவரை விடையில்லாமல் நின்றது.

பெயரை வாசிக்க ஒருவர்,
பொத்தானைத் திறந்துவிட ஒருவர்.
எனக்குக் கொடுத்த வேலை விரல்.
பிடித்துப் பார்த்து
நகமும் தோலும் சேருமிடத்தில்
ஒரு கோடு இழுக்க வேண்டும்.
ஏழு மணியிலிருந்து எழுநூற்றுச் சொச்சம் கைகள்.
இத்தனை பேரை
என் வாழ்நாளில் நான் தொட்டதில்லை.

காசிமேட்டுச் செதில் ஒட்டிய விரல்.
வெடிப்பெல்லாம் மைதா உறைந்த பரோட்டா மாஸ்டர் விரல்.
லேத் மெஷின் தின்றுவிட்ட விரலுக்கு
அடுத்த விரல் என்கிறது கையேடு.
அடுத்ததும் இல்லையென்றால்
அதற்கும் ஒரு விதி.
எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறது அரசாங்கம்,
என்னைத் தவிர.

முந்தின ராத்திரி கவர் நீட்டிய கையும்
வாங்கிய கையும்
ஒரே மாதிரிதான் வியர்க்கின்றன.
"வாங்கினேன்தாம்மா, ஆனா அவனுக்குப் போட மாட்டேன்"
நான் கேட்காமலே சொன்னாள் ஒருத்தி.
அவள் அறம் சத்தியத்தை மீறுவதில் இருந்தது.
"துட்டு வாங்கிட்டு மாத்திப் போட்டா நல்லாவா இருக்கும்?"
இது அவளுக்குப் பின்னால் வந்தவள்.
இரண்டு பேருக்கும்
ஒரே நீளத்தில் கோடிட்டேன்.

மூன்றேகால் மணிக்கு
முழுக்கைச் சட்டையில் ஒரு பையன்.
கட்சி ஏஜெண்டுகள் நாலு பேரும்
ஒரே நேரத்தில் டீ குடித்தார்கள்.
விரலில் பப்பாளிப் பாலும் ப்ளீச்சிங் பவுடரும் மணத்தன.
நகத்தடியில் மயிரிழை ஊதா.
காலையிலேயே எங்கோ
கோடு வாங்கிவிட்ட விரல்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் வாயைத் திறந்தேன்.
பக்கத்து மேசையில் உரக்க வாசித்தார்கள்:
"அறுநூற்றுப் பதினொன்று. அமலதாஸ்."

பதினேழு வருஷம்.
பெயருக்கு மட்டும் நரைப்பதில்லை.

சொன்னால் வரிசை நிற்கும்.
தலைமை அலுவலர் எழுந்து வருவார்.
போலீஸ் வரும்.
அமலதாஸை வெளியே நிற்கச் சொல்வார்கள்.
அவர் மறுபடி உள்ளே வரும்போது
இந்த நாற்காலியில் வேறு யாராவது இருப்பார்கள்,
நான் எங்காவது சாட்சிக் கையெழுத்துப்
போட்டுக்கொண்டிருப்பேன்.
ஒரு நொடி ஆனது இந்தக் கணக்குக்கு.
பழைய கோட்டின்மேல் புதிய கோட்டை இழுத்துச்
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
"போ."

அமலதாஸுக்கு என்னைத் தெரிந்ததா
தெரியவில்லை.
விரல் துடைக்கத் துணி இருக்கிறது,
கூட்டத்தில் யாருக்கும் நான் துடைப்பதில்லை.
துடைத்தேன்.
இரண்டு வினாடி கூடுதல்.
"சீக்கிரம் வாங்க, சிலிண்டர் வந்துடும்"
பின்னால் நின்றவள் சொன்னாள்.
அவள் விரலுக்கும் கோடிட்டேன்.
"உங்களுக்குக் கை வலிக்கலையா?" என்று கேட்டாள்.
அன்று முழுக்க அதைக் கேட்டவள்
அவள் ஒருத்திதான்.

எண்ணிய அன்று
முப்பத்தோராயிரம் வித்தியாசத்தில் ஒருவர் ஜெயித்தார்.
பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வெடிச் சத்தம்.
ஒரே ஒரு ஓட்டில் யாராவது தோற்றிருந்தால்
அழுதாவது தீர்த்திருப்பேன்.
நான் செய்தது
எந்தப் பக்கத்துக் கூட்டலிலும் வரவில்லை.
வராதது பெரும் ஆறுதல் என்று
முதல் வாரம் நினைத்தேன்.

இந்த மை ஈரத்தில் ஊதா.
வெளிச்சம் படப் படத்தான் கறுக்கும்.

எனக்குத் தபால் ஓட்டு,
இடது ஆள்காட்டி விரல் சுத்தமாக இருக்கிறது.
குப்பி சரிந்து வலது கட்டைவிரலில் பட்டதுதான்
இருபது நாளாகியும் போகவில்லை.
ரேஷன் கடையில் ரேகை பார்க்கும் மெஷின்
இரண்டு தடவை
நான் நானில்லை என்றது.
மூன்றாம் தடவை ஒப்புக்கொண்டது.
அரிசியும் பருப்பும் வாங்கி வந்தேன்.