பின்பக்கத்தில் விடை இல்லை

கணக்கென்றால் எங்களுக்கு ஒரு முறை உண்டு:
முதலில் புத்தகத்தின் கடைசிப் பக்கம்.
விடை தெரிந்தபின்
கொடுத்த எண்களைப் பெருக்கி, வகுத்து,
மறுபடி தலைகீழாய் வகுத்து,
பூட்டைப் பார்க்காமல் சாவிக்கொத்தைக் குலுக்குவோம்.
பெனிட்டாவிடம் சாவியே ஒன்றுதான்:
வி ஒன் என் ஒன், வி டூ என் டூ.
வாயு விதிக் கணக்குக்கும் அதையே போட்டு
ஒரு மதிப்பெண் வாங்கியவள்.

புதன்கிழமை ஆய்வகத்துக்கு
ஆளுக்கொரு பாட்டில் வீட்டுத் தண்ணீர்.
குத்தாலம், ஆக்கூர், தரங்கம்பாடி
மயிலாடுதுறை பஸ்ஸில் நசுங்கி வந்தன.
என்னுடையது திருக்கடையூர் போர்த் தண்ணீர்,
மேட்டூர் திறக்காத மாதத்தது.

ஐம்பது மில்லி. இண்டிகேட்டர் இரண்டு சொட்டு.
ஒயின் சிவப்பு என்றது மேனுவல்.
ஒயினைக் கண்டவள் பெனிட்டா மட்டும்,
திருவிருந்தில் ஒரு மிடறு.
"இது அது இல்லடி" என்றாள்.
பீட்ரூட் என்று முடிவானது.
நீலமாக மாற
பதினெட்டு புள்ளி நான்கு மில்லி ஈடிடிஏ.

அப்புறம்தான் திக்கென்றது.
என் தண்ணீருக்குப் பின்பக்கம் இல்லை.

சித்திகாவுக்கு வந்தது
புள்ளி மூன்று ஆறு எட்டு.
மழைத்தண்ணீர்கூட அவ்வளவு சுத்தமில்லை.
எனக்கு மூன்று லட்சத்து அறுபத்தெட்டாயிரம்,
லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்.
"இதக் குடிக்க முடியாதுடி,
மென்னுதான் முழுங்கணும்!"
பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம்.
சிரித்து ஓய்ந்தபோது
நான் ஓர் எண்ணை
டம்ளரில் ஊற்றிப் பார்த்திருந்தேன்,
முதல் முறையாக.

கால்குலேட்டரை மூடினேன்.
இந்தக் கரைசல் ஒரு மில்லி
ஒரு மில்லிகிராம் சுண்ணாம்பைப் பிடிக்கும்.
அப்படியென்றால் அந்தச் சின்னக் குடுவையில்
பதினெட்டு புள்ளி நான்கு.
ஒரு லிட்டரில் எத்தனை ஐம்பது?
இருபது.
முந்நூற்று அறுபத்தெட்டு.
சரியா என்று கேட்க யாருமில்லை,
சோப்பு நுரைக்காத எங்கள் குளியலறையைத் தவிர.

ரெக்கார்டில் சிவப்பு மை:
சூத்திரம் எங்கே?
இரண்டு மதிப்பெண் போயிற்று.

வீட்டில் ஹீட்டர் கம்பியைத் துடைத்துவைத்து
படிந்திருந்த வெள்ளையை நகத்தால் பெயர்த்தேன்.
உள்ளங்கையில் ஒரு சிட்டிகை.
ஹீட்டர் வாங்கியது தை மாதம்.
நாளைக்கு இரண்டு வாளி,
வாளிக்குப் பதினைந்து லிட்டர்,
தம்பி குளிக்காத நாட்களைக் கழிக்கவேண்டும்.