கடல் பக்கம்

வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
ஞாயிறுகளில் மலிவு வாடகைக்கு விடும் கலியாண மண்டபம்.
நேற்றைய மாலையின் காம்புகள்
இன்னும் கூட்டப்படவில்லை.
மூன்றாம் மேசை. எனக்கு வெள்ளை.
தெற்கு பார்த்து இருந்தேன்.
வலக்கைப் பக்கம் கடல்.
ராசா பக்கமும் அதுதான்.

எதிரே குலதுங்க. சுங்கத்தில் வேலை.
கறுப்புச் சேனையில் ஒரு யானை தொலைந்துபோய்
அதன் இடத்தில் இருமல் மருந்துப் போத்தலின் மூடி.
அதையும் யானையின் மரியாதையோடுதான் தொட்டார்.
ஏழாம் நகர்வில் ராசாவைக் கோட்டைக்குள் வைத்துவிட்டு
தேத்தண்ணிக்கு எழும்பினார்.

அவர் சீனி கலக்கும் நேரத்தில்
நடுவில் நின்ற காலாளை ஓரடி தள்ளினேன்.
அவ்வளவுதான்.
நடுவழி அடைபட்டது.
நடுவைத் திறந்து போட்டுவிட்டு ஓரத்தில் வீரம் காட்டுவது
வீட்டைப் பூட்டாமல் கடலுக்குக் குளிக்கப் போவது மாதிரி.
அதே அடியில் அவருடைய காவல் குதிரையும்
இருந்த இடம் விட்டு எழும்பவேண்டி வந்தது.
ஒற்றைக் கையில் கோப்பையோடு
அதைப் பின்னுக்கு வைத்தார்.

பிறகு ஓரக் காலாள், இரண்டு கட்டம்.
பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்தான்,
ஏன் இது என்பது போல.
ஏனென்று எனக்கும் முழுக்கத் தெரியாது.
மூலை யானைக்குக் கொஞ்சம் காற்று வரட்டும்,
நாளைக்கு ஒரு குதிரை வந்தால்
நிற்க ஒரு நிழல் இருக்கட்டும்.
தாக்குதல் என்பது பெரும்பாலும் இதுதான்:
சத்தமில்லாமல் கதிரைகளை நகர்த்தி வைப்பது.

நாலு பத்து ரயில் பாணந்துறைக்குப் போனது.
மண்டபம் அதிர்ந்தது, காய்கள் தத்தம் கட்டங்களில் நடுங்கின.
அந்த அதிர்வுக்குள்
மந்திரியைக் கொண்டுபோய்
ராசாவின் வாசல் காலாளை வெட்டினேன்.
செக்.

முழுவதும் கணக்குப் பார்த்திருந்தேனா?
பாதி.
மீதிப் பாதி உள்ளங்கை வேர்வை.

ராசா வெட்டினார். குதிரை பாய்ந்தது.
பின்னுக்குப் போவார் என்றிருந்தேன்,
முன்னுக்கு வந்தார்,
கோட்டையை விட்டு, தனியே, வெளியே,
பலூன் காற்சட்டையோடு அலைக்குள் இறங்கும்
காலிமுகத்திடல் மாப்பிள்ளை போல.

மணிக்கூட்டில் நாலு நிமிடம்.
ராணியைத் தூக்கக் கை துடித்தது.
தூக்கவில்லை.
அந்த ஓரக் காலாள், இன்னும் ஓரடி.
ராசா இன்னும் விலகினார், கரையோரம்.
குதிரை எழும்பியது.
அது எழும்பிய வெளியில்
முதல் நகர்விலிருந்து வீட்டைவிட்டு அசையாத
என் மற்ற மந்திரி
பலகையின் நீளம் முழுக்கப் பார்த்தது.
இரண்டு பக்கமும் செக்.
குதிரையின் காலடியில் அவருடைய ராணியும்.

'ஹரி' என்றார் குலதுங்க.
ராசாவைச் சாய்க்கவில்லை, படுக்க வைத்தார்,
தலை கடலைப் பார்க்க.

பிறகு காய்களைத் திரும்ப அடுக்கி
எங்கே பிழைத்தேன் என்று கேட்டார்.
வெட்டுப்பட்ட காலாளைக் காட்டுவேன் என்று நினைத்திருப்பார்.
நான் குதிரை இருந்த வெறுங்கட்டத்தைத் தொட்டேன்.
கோப்பையைப் பார்த்துச் சிரித்தார்.
அடியில் சீனி கரையாமல் கிடந்தது.

நூறாம் இலக்க பஸ்ஸில், நெரிசலில், நிர்மலனின் அழைப்பு.
எப்படி வென்றாய்?
வாயில் வந்த சொல்லை
அப்படியே விழுங்கினேன்.
இந்த ஊரில், பஸ்ஸில், தமிழில்,
அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்வதில்லை.
முன் சீற்றில் ஒருவர் ஏற்கெனவே
பாதி திரும்பியிருந்தார்.

'கடல் பக்கத்தால போனன்' என்றேன்.
'காத்து வாங்கவோ?'
'ஓம்.'