மூன்றே கால் மணிக்கு மொழிபெயர்ப்பு

வாந்தி என்ன நிறம் என்று கேட்டேன்.
"கோப்பி ஓ" என்றார் பூமிநாதன்,
"அடிமண்டியோட."

டாக்டர் தியோ திரையைப் பார்த்தபடி கேட்க
நான் தமிழில் கேட்டேன்.
குடி உண்டா?
ஞாயிறு மட்டும், தேக்காவில், ஒரு டின்.
காமாலை அண்ணனுக்குத்தான் வந்தது.
துவாஸ் விடுதியில் பக்கத்துக் கட்டில் இருவருக்கு
டெங்கி என்றதும்
தட்டணுக்களை எண்ணினோம்.
குறையவில்லை.
ஈரலிலும் பழுதில்லை.

மலம்?
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"ரோட்டுல தார் போடுறேன், மிஸ்ஸி.
அதே மாதிரி."
எத்தனை நாளாக?
"நாலு.
நாள் பூரா பாக்கிற கறுப்புதானே,
பயம் வரல."

சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து
செய்தித்தாளில் மடித்த
பெயரில்லாத மஞ்சள் மாத்திரைகள்.
முதுகுவலிக்கு லாரிக்காரர் தந்தாராம்.
வெறும் வயிற்றில் போட்டால்
சீக்கிரம் கேட்குமாம்.

கேமரா இறங்கியது.
சிறுகுடல் வாசலில் புண்,
அதன் நடுவே
துடித்துக்கொண்டு ஒரு நாளம்.
டாக்டர் தியோ இரண்டு கிளிப் மாட்டினார்.
மூன்றாவது வழுக்கியது.
மறுபடி மாட்டினார்.

விடிந்து, மயக்கம் தெளிந்ததும்
என் கையைத் தொட்டுக் கேட்டார்:
"அந்த மாத்திரைய எறிஞ்சிட்டீங்களா?
இன்னும் ஆறு இருந்துச்சே."

என்ன சொல்கிறார் என்றார் டாக்டர்.
அதை மட்டும்
நான் மொழிபெயர்க்கவில்லை.