நூறு வரை

இயந்திரம் எண்ண மறுக்கிற ரத்தம் என்னிடம் வரும்.
கொடி போட்டுத் துப்பிவிடும்: நீயே பார்.
சுங்கை சிப்புட், இரவு ஷிப்ட், மணி இரண்டு பத்து.
வார்டு மூன்று, கட்டில் பதினான்கு,
த. பரஞ்சோதி, வயது ஐம்பத்திரண்டு,
வலக்கையும் பேச்சும் போய் மூன்றாம் நாள்.

ஒரு சொட்டை இழுத்து
நாக்கு வடிவத்தில் கண்ணாடியில் பரப்பி, காயவைத்து,
ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவி,
மேலே ஒரு துளி எண்ணெய்.
எண்ணெய் இல்லையென்றால் நூறு மடங்கு லென்ஸுக்குக் கண் தெரியாது.
இந்த ஊரில் எதற்குத்தான் எண்ணெய் வேண்டாம்.

ஆள் யாரென்று அப்புறம்தான் உறைத்தது.
மில் வாசலில் குலை தரம் பிரிக்கிறவர்.
லாரி கொட்டிய செம்பனைக் குவியலில்
கம்பியால் ஒரு குலையைப் புரட்டுவார்,
பழம் உதிர்ந்த குழிகளை எண்ணுவார்.
பத்துக்குக் கீழே என்றால் காய்.
"திருப்பிக் கொண்டு போ." அவ்வளவுதான்.
என் அண்ணன் லாரியை இரண்டு தடவை திருப்பியிருக்கிறார்.
அன்று எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர்கள்.

நானும் எண்ணித்தான் சொல்கிறேன்.
கட்டைவிரலுக்கு ஒரு சாவி, சுட்டுவிரலுக்கு இன்னொன்று.
கரு துண்டு துண்டாய் இருப்பவை நியூட்ரோஃபில்:
தீ என்றதும் முதலில் ஓடிவந்து
வாளியும் கோடரியுமாய் உள்ளே நுழைந்து
எரியாத அறையையும் உடைக்கிறவை.
உருண்டையாய், கரு நிறைந்து, அவசரப்படாதவை லிம்ஃபோசைட்.
டிக். டிக். டிக். டிக். டிக்.
ஒரே சாவி. மறுபடியும் அதே சாவி.
நூறில் மணி அடித்தது.
எண்பத்து நான்கு. ஒன்பது. மோனோசைட் ஏழு.
இளஞ்சிவப்பு மணிகள் அடைந்த இயோசினோஃபில்
ஒன்றுகூட இல்லை.

வகுத்தால் ஒன்பது புள்ளி மூன்று.
வந்த அன்று மூன்றுதான்.
பயிற்சி டாக்டர் ஹஸ்வானி ஃபோனில் கேட்டுவிட்டு
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இப்படி ஏறினவர்கள் எழுந்து நடப்பது குறைவு என்கிறார்கள்."
"குறைவு என்றால்?"
"குறைவு என்றால் குறைவு.
இவர் எந்தப் பக்கம் என்று அதில் இல்லை, கக்கா."

மில் பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள்:
நூறு டன் குலைக்கு இருபது டன் எண்ணெய்.
சரியாக இருபது பிழிந்த குலை ஒன்றை
இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

ஆறு மணிக்கு மிலோ இயந்திரத்தின் முன்னால் அவர் மனைவி.
காசை விழுங்கிவிட்டது போல, தட்டிக்கொண்டிருந்தார்.
என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும்
"ரத்தம் எப்படிம்மா இருக்கு?"
"எண்ணியாச்சு" என்றேன்.
அதுவே நல்ல சேதி மாதிரி தலையாட்டினார்.
நான் பக்கவாட்டில் ஒரு குத்து விட்டேன். மிலோ வந்தது.

ஒன்பதாம் நாள் இன்னொரு கண்ணாடி.
எழுபது. இருபத்திரண்டு. ஏழு.
தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு, பரப்பின் ஓரத்தில்,
சிவந்த மணிகளோடு ஒன்று.
குமிழைத் திருகித் திருகிப் பார்த்தேன். அதுதான்.
அதை வைத்து வகுக்கத் தாளில் கட்டமில்லை.
ஒன்று என்று எழுதினேன், கொஞ்சம் அழுத்தி.

ஆகஸ்டில், செவ்வாய்க்கிழமை பசார் மாலாம்.
லங்சாட் குவித்த கடையில் அவர்.
வலக்கை கால்சட்டைப் பையில்,
வேறு யாரோ வைத்துவிட்டுப் போனது மாதிரி.
மனைவி ஐம்பது காசுக்குப் பேரம் பேச,
கொத்திலிருந்து உதிர்ந்தவற்றை
இடக்கையால் ஓரம் நகர்த்தினார்.
"ஒண்ணு," என்றார். "ரெண்டு. மூணு."
வாய் கோணி, "ஆறு."
நின்றார்.
தவ்கே பையை நீட்டியும் நின்றார்.
பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு
மறுபடி, "ஒண்ணு."

நான் இரண்டு ஆள் பின்னால்.
கூடைப் பிடியில் என் கட்டைவிரல்
தானாக அமுக்கிக்கொண்டிருந்தது,
டிக், டிக், டிக்,
நாலுக்குக் காத்து.