குளிர்க் கணக்கு

சீட்டில் முதல் வரியே அதுதான்:
ஆயிரம் மணி நேரம் குளிர் வேண்டும்.
தண்ணீர், உரம், வெயில் எல்லாம்
அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்.

குவைத், ராய் நர்சரியில்
வண்டி ஓட்டுவதும் பில் போடுவதும் என் வேலை.
டிசம்பர் பிறந்ததும் இன்னொன்று சேர்ந்தது,
மூன்று மரங்களின் குளிரை எண்ணுவது.

ஹாலந்திலிருந்து இலையில்லாமல் வந்தன.
விளக்குமாற்றைத் தலைகீழாய்
நட்டுவைத்தது போல் நின்றன.
மிஷ்ரிஃபில் புது வீடு கட்டிய உம்மு பதர்
படத்தைப் பார்த்துச் சொன்ன ஆர்டர்:
வாசலுக்கு இரண்டு, ஊஞ்சல் பக்கம் ஒன்று.
காட்டு ஆப்பிள் அம்மா, பூவுக்குத்தான்,
காய் வாயில் வைக்க முடியாது என்றேன்.
தின்ன எனக்குக் கடை இருக்கிறது என்றாள்.

குளிர் அறை டேக் பகதூர்
ஜும்லா மலைக்காரன்.
ஒரு மரம் எண்பது தினார் என்றதும்
தரையில் உட்கார்ந்து சிரித்தான்.
எங்கள் பக்கம் இது வேலி.
ஆடுகூட இரண்டாம் முறை கடிக்காது.

டூலிப் பெட்டிகளுக்கும்
முதலாளி தம்பியின் ஆப்பிள் பெட்டிகளுக்கும் நடுவில்
நான்கு டிகிரியில் நிறுத்தினோம்.
மூன்றாம் நாள் ஹாலந்திலிருந்து போன்:
பழத்தை உடனே வெளியே எடு,
பழுத்த ஆப்பிளின் மூச்சு
ஆப்பிள் மொட்டைக் கொன்றுவிடும்.
பங்காளி விவகாரம் என்றேன்.
அதை யாருக்கும் மொழிபெயர்க்கத் தெரியவில்லை.
நூற்றுப்பத்துப் பெட்டி. நானும் அவனும் சுமந்தோம்.

பிறகு நோட்டு.
நாளுக்கு இருபத்து நான்கு, பென்சிலில்.
ஜனவரியில் ஓர் இரவு கம்ப்ரஸர் படுத்துவிட்டது.
ஏழு மணி நேரம் கழித்தேன்.
யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?
இருந்தாலும் கழித்தேன்.
என் ஓவர்டைம் தாளை
எவனும் இத்தனை யோக்கியமாய் எழுதியதில்லை.

நாற்பத்திரண்டாம் நாள்
ஆயிரத்தொன்று.

மிஷ்ரிஃபில் மண் என்பது
மேலே ஒரு சாண்தான்.
கீழே கட்டடக்காரன் விட்டுப்போன சிமெண்ட்.
அதற்கும் கீழே பாறைக்கு அண்ணன்.
டிரில்லர் வைத்துக் குழி எடுத்தோம்.
மதியத்துக்கு மேல் சுவரின் நிழல் விழும்படி
கிழக்கே தள்ளி நட்டு
ஏசி வடியும் குழாயை
வேர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.

மார்ச்சில் மொட்டு.
உதட்டுச் சாயத்தின் சிவப்பு.
உம்மு பதர் ஒரே காலையில்
பதினான்கு படம் அனுப்பினாள்.
நான்காம் நாள் போன்:
உன் மரம் சாயம் போகிறது.

போய்ப் பார்த்தேன்.
வாசல் மரங்கள் இரண்டும்
முழுக்க விரிந்து, வெள்ளை.
இதழின் முதுகில் மட்டும்
கிள்ளிவிட்ட கன்னம் போல் கொஞ்சம் சிவப்பு.
மொட்டு சிவப்பு, பூ வெள்ளை,
இதன் வழக்கமே அப்படி என்றேன்.
படத்தில் சிவப்பாக இருந்ததே?
படம் எடுத்தவன்
இரண்டு நாள் முன்னால் வந்திருக்கிறான்.

அவள் பேசவில்லை.
சிரிப்பா கோபமா, முகத்திரையில் தெரியவில்லை.
பிறகு ஊஞ்சல் பக்கம் கை காட்டினாள்.
அந்த மூன்றாவது
இலை மட்டும் விட்டு, ஒரு மொட்டும் இல்லாமல்.
குளிர் அறையில்
கதவை ஒட்டி நின்ற மரம் அது.
அந்த ஏழு மணி நேரத்தை
எந்த மொழியில் சொல்வது?
இதற்குக் காசு வாங்கமாட்டோம் என்றேன்.
முதலாளியைக் கேட்காமலே.

அன்று இரவே தூசிப்புயல்.
இருந்த வெள்ளையும்
மணலோடு சேர்ந்து வாருகோலுக்குப் போனது.

இனி மரங்களைப் பெயர்த்து
அறைக்குள் வைக்க முடியாது.
வேர் பிடித்துவிட்டன.
வானம் கொடுப்பதுதான் குளிர்.

இந்த நவம்பரில் அதே நோட்டை எடுத்தேன்.
யாரும் சொல்லவில்லை, சம்பளமும் இல்லை.
ஏழு டிகிரிக்குக் கீழே போன இரவுகள் மட்டும்.
நேற்றுவரை நாற்பத்தொரு மணி.

அதில் பாதி நான் பார்த்து எழுதியதில்லை.
ஊஞ்சல் கம்பியில்
தெர்மாமீட்டர் கட்டியிருக்கிறாள் உம்மு பதர்.
ராத்திரி இரண்டரைக்கு
தலையணைக்கு அடியில் போன் அதிரும்:
மஸ்தான், ஆறு டிகிரி.
எழுதிக்கொள்.