ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறு

இரவு ஷிப்ட் முடித்து
சத்துவாச்சாரிக்குத் திரும்பும்போது
மணி ஐந்தே முக்கால்.
மலை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.
செருப்பைக் கழற்றும் முன்
பின்கட்டுக் கதவைத் திறக்கிறேன்.

துவைக்கிற கல்,
கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் குடங்கள்,
மெகராஜ் பானு வீட்டு மதிலோரம்
தானாக முளைத்த அத்தி.
அதில் எங்கேயோ தையல்சிட்டு.
கட்டைவிரல் அளவு உடம்புக்கு
அந்தக் குரல் அநியாயம்.

ஷட்டரை ஐந்நூறில் ஒன்றுக்குக் கீழே இறக்கினால்
வால் கரைந்துபோகும்.
லென்ஸ் செகண்ட் ஹேண்ட்,
ஐந்து புள்ளி ஆறுக்கு மேல் கண்ணைத் திறக்காது.
மிச்சம் ஐஎஸ்ஓதான்.
எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு, மூவாயிரத்து இருநூறு,
தெருவில் ஒவ்வொரு வீடாகக்
கைமாற்று கேட்கிறவள் மாதிரி
ஏறிக்கொண்டே போகிறேன்.

வட்டி படத்தில் தெரியும்.
பெரிதாக்கினால் குருவி முழுக்க மணல்.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது
கீழே தெரியுமே, தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில்,
அதே மணல்.
பச்சையில் சிவப்புப் பொடி,
நிழலில் ஊதாப் பொடி.

இதற்கு இரைச்சல் என்று பெயர்.
எக்ஸ்ரே படிக்கச் சேர்ந்த வருஷம்
முதல் வகுப்பில் சிரித்துவிட்டேன்.
இரைச்சல் என்றால் எனக்கு பஸ் ஸ்டாண்டு.

வெளிச்சம் வரட்டும் என்று காத்திருக்கலாம்தான்.
ஆனால் இது வேலூர்.
எட்டு மணிக்கு வெளிச்சம் வராது, வெயில் வரும்.
சித்திரையில் கேமராவே காய்ந்து
தானாகப் புள்ளி வைக்கும்.
சிட்டு வாயைப் பிளந்துகொண்டு
இலைக்கடியில் போய்விடும்.

இருட்டாக எடுத்துவிட்டுப்
பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம் என்று
ஒரு மாதம் ஏமாந்தேன்.
தூக்கினால் குருவியோடு
புழுதியும் எழுந்து வருகிறது.
இப்போதெல்லாம் எடுக்கும்போதே
மார்பு வெள்ளை வெளிறிப்போகும் விளிம்புவரை
ஒளியை வயிறு நிறையக் கொடுத்துவிடுகிறேன்.

அப்படியும் மணல்.

சாப்ட்வேரில் ஒரு குமிழ் உண்டு.
நூறுவரை இழுத்தேன்.
மணல் போச்சு. கூடவே இறகும் போச்சு.
லாங்கு பஜாரில் பத்து ரூபாய்க்கு விற்கிற
விசில் குருவி மாதிரி
வழவழவென்று ஒன்று உட்கார்ந்திருந்தது.
ஓரகத்தி எழிலரசிக்கு அதுதான் பிடித்தது.
“செம க்ளியர்க்கா, இதையே அனுப்பு.”
அனுப்பினேன்.

அன்று இரவு
பொன்னையிலிருந்து ஒரு பையன்.
ஆறு வயது. புளியமரத்திலிருந்து விழுந்த மணிக்கட்டு.
குழந்தை என்பதால் கதிரைக் குறைத்தேன்.
குறைத்தால் படம் பொரியும்.
அந்தக் குமிழ் இங்கேயும் உண்டு,
கையைக் கிட்டே கொண்டுபோய்
எடுத்துவிட்டேன்.
பொரிவுக்குள்ளே
முடி இழை மாதிரி ஒரு விரிசல்.
துடைத்திருந்தால் எலும்பு அழகாக இருந்திருக்கும்.

காலையில் தூங்கவில்லை.
பழைய படத்தைத் திறந்து
குமிழைப் பின்னால் நகர்த்தினேன்.
எண்பது. நாற்பது.
இருபத்திரண்டில் நிறுத்தினேன்,
மணலும் இருந்தது, மார்பின் தூவியும் இருந்தது.
அலகில் ஒரு நூல்.

ஊதா நூல்.
நிழலின் ஊதாப் பொடியோடு சேர்த்து
அதையும் அழுக்கு என்று கணக்கெழுதி
கூட்டித் தள்ளியிருக்கிறது மெஷின்.
மூன்று வாரமாகப் பார்க்கிறேன்,
தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாது.
எந்த இலை என்று தேடப் போகவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம்
மெகராஜ் பானு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
“துப்பட்டா ஓரம் தினம் பிரியுது புனிதா.
எலியா இருக்குமோ?”
போனை நீட்டினேன்.
இரண்டு விரலால் அகட்டினாள், அகட்டினாள்.
“என்னடி இது, ஒரே மண்ணு.”
அப்புறம்,
“அட. என் ஊதா.”

மறுநாளும்
துப்பட்டா அதே கம்பியில்தான் காய்ந்தது,
பிரிந்த ஓரம்
அத்திப் பக்கமாக.