வெளியேறும் தேதி

காந்தி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில்
எங்கள் லாட்ஜ். நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது.
இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை
பேரேடும் சாவிப் பலகையும் என் பொறுப்பு.
பேரேட்டுக்கு அடியில்
இரண்டு முறை நான் கோட்டைவிட்ட
ஆங்கிலத் தாளுக்கான கைடு.

துணை வாக்கியம் தனித்து நிற்காது
என்கிறது பக்கம் நாற்பத்தொன்று.
இஃப், வென், அன்டில், பிகாஸ், ஆல்தோ,
இவற்றில் ஒன்று தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டால்
எழுவாய் இருந்தும் பயனிலை இருந்தும்
முற்றுப்புள்ளிக்கு அருகதை போய்விடுமாம்.
'மழை பெய்ததால்' என்று யாராவது நிறுத்தினால்
பெய்ததால் என்ன என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறது.
கேட்டுப் பார்த்தேன்.
வேலூரில் அது முதலில் பெய்யட்டும்.

பேரேட்டின் கடைசிக் கட்டம் வெளியேறும் தேதி.
அதில் யாரும் தேதி எழுதுவதில்லை.
நூற்று இரண்டு: அன்டில் ரிப்போர்ட் கம்ஸ்.
இருநூற்று ஐந்து: இஃப் மணி கம்ஸ்.
முந்நூற்று மூன்று, சாய்ந்த எழுத்தில்:
வென் ஷி கேன் வாக்.
ஒவ்வொன்றின் முடிவிலும்
தாள் ஓட்டையாகும்படி ஒரு புள்ளி.
கைடு பார்த்தால் எல்லாவற்றையும் சிவப்பில் அடிக்கும்.
முதலாளி அடிக்கமாட்டார்.
அந்த அரை வாக்கியத்துக்கு அவர்
நாளொன்றுக்கு நானூற்றைம்பது வாங்குகிறார்.
வெந்நீர் தனி.

பள்ளிக்கூடத்தில் இதை எச்சம் என்று படித்தோம்.
வந்து, வந்தால், வந்தபோது, வராவிட்டாலும்.
தமிழில் முற்று கடைசியில்தான் வரும்.
அதுவரை பேசுகிறவர் வாயையே
பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்,
ஆஸ்பத்திரி நீள பெஞ்சில் டோக்கனோடு
கதவைப் பார்ப்பது மாதிரி.

நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு
முந்நூற்று மூன்று இறங்கி வந்தார்.
ஹரிபத மாஹாதோ, புருலியா, ஃபிட்டர்.
கையில் கோடு போட்ட தாள்.
தீதி, லீவ் லெட்டர், என்றார்.
அவர் இந்தியும் என் இந்தியும்
ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து நடந்தன.

என் மனைவி இன்னும் வார்டில் இருப்பதால்,
என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.
ஆஸ் போட்டு, கமா போட்டு, கைடு சொன்னபடி.
அவர் என் பேனாவுக்குக் குறுக்கே விரலை வைத்தார்.
சூப்பர்வைசர் முதல் வரிக்குமேல் படிக்கமாட்டான்,
வருவேன் என்பதை முதலில் போடு.

அடித்துவிட்டு எழுதினேன்.
வேலைக்குத் திரும்பி வருவேன்.
அதன் வாலாக, அவள் நடக்க முடியும்போது.
ஆங்கிலம் அதற்கு இடம் கொடுக்கிறது.
இங்கே கமா இல்லையே, என்றார்.
இந்தப் பக்கம் வந்தால் வேண்டாம்,
முன்னால் வந்தால்தான்.
நல்லது, ஒரே மூச்சில் படித்துவிடுவான்,
என்று தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம்
இரண்டாம் மாடியில் நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறியது.

பத்தொன்பது நாள்.
இடையில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல்.
வேலைக்குத் திரும்பிய இரவு பேரேட்டைத் திறந்தேன்.
சாய்ந்த எழுத்தின்மேல் ஒரு கோடு.
பக்கத்தில், பகல் ஷிஃப்ட் ஜோதிலிங்கம் கையில்,
வெறும் தேதி.

முந்நூற்று மூணு காலி பண்ணிட்டாங்களா?
சாவி வந்துடுச்சு, என்றார்.
பாக்கி இல்ல.

இரண்டும் தனித்து நிற்கும் வாக்கியங்கள்.
எழுவாயும் பயனிலையும் குறையில்லாமல்,
கைடு முழு மதிப்பெண் போடும்.

அந்தம்மா நடந்து போறப்போ,
என்று நான் ஆரம்பித்தேன்.
அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுவிட்டார்.